சொடுக்கில் அண்ணனுக்குச் சொல் இல்லை

கல்யாண வீட்டில்கூட விடமாட்டேன் என்கிறார்கள். போன மாதம் மணப்பாட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்திருக்கிறேன். எதிர் வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, அந்தக் கடலடிப் பாஷையில ரெண்டு வார்த்தை எடுத்து விடுங்களேன், பிள்ளைங்க ஆசைப்படுது" என்றார். வேறு வழியில்லாமல் விழுங்கிவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் மூன்று தடவை சொடுக்கினேன். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தன. "பல்லி!" என்றது ஒன்று. பக்கத்து இலைக்காரர், ஏதோ கல்லூரியில் பாடம் எடுப்பவராம், யோசனையாகத் தலையை ஆட்டிக்கொண்டு, "இதுக்கெல்லாம் இலக்கணம்னு ஒண்ணு கிடையாது, இல்லையா?" என்று கேட்டார்.

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இலக்கணம் கிடையாதாம். அப்படியானால் என் தம்பி எதனால் செத்தான்?

அதனால் எழுதி வைக்கிறேன். கம்பெனி போட்ட கையேடு இருக்கிறது, மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. அதில் சொற்பட்டியல் சரி. மற்றதெல்லாம் அங்கே இல்லாதவர்கள் எழுதியது. நான் இருந்தேன். நான்கு வருஷம் ஆகிவிட்டதால் தேதிகள் முன்னே பின்னே இருக்கலாம். பேச்சு முன்னே பின்னே இருக்காது.

என் பெயர் கஸ்பார். தம்பி மெல்கியோர், வீட்டில் மெல்கி. என்னைவிடப் பதினோரு வயது இளையவன். அப்பா போன பிறகு அவனை வளர்த்தவன் நான்தான் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை. இரண்டு பேருக்கும் கடலடி வேலை. நீரோட்டத்தில் சுற்றி மின்சாரம் எடுக்கும் ராட்சத விசிறிகளுக்கு நூற்றறுபது மீட்டர் ஆழத்தில் அஸ்திவாரம் போடுவது. முக்கால்வாசியை இயந்திரக் கைகள் செய்துவிடும். மீதிக் கால்வாசிக்கு மனிதன் இறங்க வேண்டும்.

அந்த ஆழத்துக்குத் தினமும் போய் வர முடியாது. உடம்பு தாங்காது. அதனால் கப்பல் தளத்திலேயே ஓர் இரும்பு அறை. அறைக்குள் அடி ஆழத்தின் அதே அழுத்தம். இருபது நாள், இருபத்தைந்து நாள் அதற்குள்ளேயே தின்று, தூங்கி, வேலைக்கு 'பெல்' என்கிற உருண்டைக் கூண்டில் ஏறி இறங்க வேண்டும். கடைசியில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே விட ஆறு நாள். வட்டக் கண்ணாடி வழியே பார்த்தால் வெளியே ஒருவன் டீ குடித்துக்கொண்டிருப்பான். பத்தடி தூரம். ஆறு நாள் பயணம்.

அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க முடியாது. ஹீலியம் கலந்த காற்று. ஹீலியத்தில் பேசினால் குரல் வாத்துக் குரலாகிவிடும். பேச்சைச் சரிசெய்யும் கருவிகள் இருந்தன, 'கதவைத் திற' என்பதைக் 'கடலைத் துற' என்று சரிசெய்யும். அப்படி இரண்டு மூன்று இடத்தில் விபத்து நடந்த பிறகுதான் ஒரு புது மொழியையே செய்துவிடுவது என்று யாரோ தீர்மானித்தார்கள். செய்தவர் மதுரவல்லி. வல்லி மேடம் என்போம். தூத்துக்குடியில் எட்டு வாரம் எங்கள் நான்கு பேருக்கும் அவர்தான் பாடம் எடுத்தார். நான், மெல்கி, உடன்குடி சுயம்பு, காயல்பட்டினத்து மன்சூர்.

முதல் நாள் ஒரு பலூனை உறிஞ்சிக் காட்டி வாத்துக் குரலில் வணக்கம் சொன்னார். பிறகு சாதாரணக் குரலில் விளக்கினார்.

"தொண்டையில அதிர்வு மாறலை. ஏத்த இறக்கம் அப்படியே இருக்கும். அந்த அதிர்வு வாய்க்குள்ள வந்து உருவம் எடுக்குது பாருங்க, அதுதான் கெட்டுப்போகுது. 'அ'வுக்கும் 'ஏ'வுக்கும் வித்தியாசம் தெரியாது. ம, ந, ல எல்லாம் கரைஞ்சிடும்."

"ழ மேடம்?" என்றான் மெல்கி.

"போச்சு."

"அது பரவாயில்ல மேடம். எங்க பக்கத்துல அது ஏற்கெனவே போச்சு."

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவன்தான் வகுப்பில் செல்லப் பிள்ளை.

ஹீலியத்தில் எது பிழைக்குமோ அதை மட்டும் வைத்து அந்த மொழி. க, ட, ப, ஸ என்று நான்கு மெய். உயிரில் குறில், நெடில் என்ற நீளம் மட்டும்தான் கணக்கு. நீங்கள் 'டகா' என்றாலும் 'டிகீ' என்றாலும் ஒன்றுதான். சுருதி மூன்று: ஏற்றம், இறக்கம், சமம். அதோடு நாக்குச் சொடுக்கு. அதிகாரப்பூர்வமான பெயர் ஏதோ ஒன்றரை வரிக்கு இருந்தது. நாங்கள் 'சொடுக்கு' என்றோம்.

ஓசையாவது பழகிவிட்டது. இலக்கணம்தான் உயிரை வாங்கியது. 'ஏன்' கிடையாது. 'தயவுசெய்து' கிடையாது. 'நாளைக்கு' கிடையாது. பொருள் முதலில், அதன் நிலை அடுத்து, கடைசியில் முத்திரை. முத்திரை என்றால், நீ சொல்வது உனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லும் ஓர் அசை. நான்கு உண்டு. கண்: நானே பார்த்தேன். கை: நானே தொட்டேன், நானே செய்தேன். காது: யாரோ சொல்லக் கேட்டேன். யூகம்: நினைக்கிறேன். முத்திரை இல்லாத பேச்சு பேச்சே இல்லை. எங்கள் பேச்சையெல்லாம் ஒரு கணினி கேட்டுக்கொண்டிருக்கும், அதை நாங்கள் வாத்தியார் என்போம். முத்திரை இல்லாவிட்டால் வாத்தியார் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, மேலே இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சை அனுப்பாமலே விட்டுவிடும். கண், கை என்றால் உடனே நடவடிக்கை. யூகம் என்றால் சோதனை. காது என்றால் குறித்து வைத்துக்கொண்டு, பார்த்தவன் யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கும்.

இன்னொரு விதி: ஒருவன் சொன்னதைக் கேட்டவன் முழுதாகத் திருப்பிச் சொல்லிக் காது முத்திரை வைக்க வேண்டும். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

இரண்டாம் வாரம் மன்சூர் கையைத் தூக்கினான். "மேடம், அண்ணாச்சியை எப்படிக் கூப்பிடுறது?"

"ஆளுக்கு ஒரு எண். கஸ்பாருக்கு மூணு. மூணு சொடுக்கு."

சுயம்பு, "ஆட்டைக் கூப்பிடுத மாதிரியா?" என்றான்.

"அண்ணன்னு ஒரு சொல் சேர்த்துக்கலாமே மேடம்" என்றேன் நான். "சின்னச் சொல்தானே. நீங்க எதையெதையோ சேர்த்திருக்கீங்க."

"அழுத்தத்துல இருக்கும்போது நாலு உடம்பு இருக்கு, அவ்வளவுதான். அண்ணன் தம்பி எல்லாம் மேல வந்து வச்சுக்கோங்க, கஸ்பார்."

அந்த வாக்கியத்தை நான்கு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். இன்னும் கரையவில்லை.

மெல்கிக்கு இதிலெல்லாம் சங்கடமே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்து மூன்று சொடுக்குச் சொடுக்குவான். "ரோட்டுல வச்சு என்னலே இது" என்றால், "பேரு சொல்லலையே அண்ணே, நம்பர்தானே சொன்னேன்" என்பான். சாப்பாட்டு மேசையில் ரெஜீனாவுக்கு, அவன் மனைவிக்கு, முத்திரை வைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். மீன் குழம்பைக் காட்டி, "உப்பு — குறைவு — யூகம்" என்பாள். இவன், "வாயில வச்சுட்டு என்ன யூகம்? கை, கை" என்பான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவனைப்போல அந்த மொழி யாருக்கும் வாயில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இறங்கினோம். எட்டாம் நாள் அது நடந்தது.

பெல்லுக்குள் ஒரு வாயு வால்வு. பார்த்துவிட்டு நான், "வால்வு — மூடியது — கண்" என்றேன். பின்னாலேயே மெல்கி, "வால்வு — திறந்தது — கண்" என்றான். இரண்டு கண் முரண்பட்டால் விதிப்படி எல்லா வேலையும் நின்றுவிடும். நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில் என் எண்ணையும் அவன் எண்ணையும் அறிவித்தார்கள். மேலே இருந்து, மூன்று மறுபடி பார்க்கவும், மூன்று மறுபடி பார்க்கவும் என்று ஐந்து தடவை. பார்த்தேன். கால் சுற்று திறந்துதான் இருந்தது. மூன்று மணி நேர வேலை போயிற்று. சமையல்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

அறைக்குத் திரும்பியதும் அவனைத் திட்டினேன். தமிழில்தான் திட்டினேன், கோபம் வந்தால் சொடுக்கா வாயில் வரும்? ஆனால் ஹீலியத்தில் கோபம் என்ன ஆகும் தெரியுமா? குவாக் குவாக் என்று வந்தது. சுயம்பு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மெல்கி உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை, சிரித்துவிட்டான். நான் இன்னும் கத்தினேன், இன்னும் வாத்து. மனிதன் அந்த நிலைமையில் என்னதான் செய்வது? எழுதும் பலகையை எடுத்து ஒரு வரி எழுதி அவன் முன்னால் போட்டேன். படித்தான். சிரிப்பு நின்றது. தலையாட்டிவிட்டு ஈரத் துணியால் துடைத்து வைத்தான்.

அதன் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. நான் ஒன்றைக் 'கண்' என்று சொல்லிவிட்டால், அதற்கு மாறாக மெல்கி பார்த்திருந்தாலும் 'காது' என்றே சொல்வான். 'நானே பார்த்தேன்' என்று மூத்தவன் முகத்துக்கு நேரே சொல்லாமல், 'அப்படிக் கேள்வி' என்பது. நான் மறுபடி பார்ப்பேன், பிழையிருந்தால் நானே திருத்திச் சொல்வேன். யாருக்கும் தலைகுனிவு இல்லை. இரண்டே நாளில் சுயம்பு பிடித்துக்கொண்டான், பிறகு மன்சூர். பிறகு முரண் இல்லாத இடத்திலும் என்னிடம் பேசும்போது எல்லாமே காது. 'சாப்பாடு — வந்தது — காது' என்பான் மன்சூர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே. நானும் என் பங்குக்கு, இளையவர்கள் சொன்னதைப் பள்ளிப் பிள்ளை மாதிரி முழுதாகத் திருப்பிச் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரு சொடுக்கு. வாத்தியார் அதையும் ஏற்றுக்கொண்டது.

அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மரியாதை இல்லாமல் செய்யப்பட்ட மொழிக்கு நாங்கள் மரியாதையைக் கொடுத்துவிட்டோம் என்று.

பதினைந்தாம் நாள் வல்லி மேடம் மேலேயிருந்து எழுத்தில் கேட்டார். 'காது முத்திரை நாலு மடங்கு ஆகியிருக்கிறதே, யார் யாரிடம் கேட்கிறீர்கள்?' நான் பதில் அனுப்பினேன்: 'ஒருவரை ஒருவர் நன்றாகக் கேட்டுப் பேசுகிறோம்.' அவர், 'மகிழ்ச்சி' என்று அனுப்பினார். மகிழ்ச்சியாம்!

பத்தொன்பதாம் நாள் காலை வேலைமுறை எனக்கும் மெல்கிக்கும். நான் பெல்லில் இருந்து குழாய் விடுபவன், அவன் வெளியே போகிறவன். அந்த ஆழத்தில் தண்ணீர் பதினான்கு டிகிரி. ஹீலியம் உள்ளிருந்தும் சூட்டை உறிஞ்சும். அதனால் உடைக்குள் எப்போதும் சுடுநீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சுடுநீர்க் குழாயின் இணைப்பை நான் பார்த்தேன்.

"இணைப்பு — இறுக்கம் — கண்" என்றேன்.

மெல்கி குனிந்து அதைப் பார்த்தான். விரலால் தடவினான் என்றுதான் நினைவு. பிறகு சொன்னான்:

"இணைப்பு — விரிசல் — காது."

நான் ஒரு சொடுக்குச் சொடுக்கினேன்.

ஏன் மறுபடி பார்க்கவில்லை என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தக் காதைக் கேட்டால், அது 'அண்ணே' என்பது மாதிரி ஆகிவிடுகிறது. மரியாதை காதில் விழுந்தது. விரிசல் விழவில்லை. அவன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தலைக்கவசத்தை மாட்டினேன். தண்ணீரில் வழுக்கிப் போனான்.

நாற்பது நிமிஷம் கழித்து இணைப்பு பிரிந்தது, உடைக்குள் சுடுநீர் நின்றது. அவன் அஸ்திவாரத்துக்கு அடியில், குழாய் ஒரு கம்பியில் சிக்கியிருந்தது. இழுத்தேன். பதினெட்டு நிமிஷம் இழுத்தேன். பெல்லுக்குள் அவனைத் தூக்கிப் போட்டபோது அவன் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. முத்திரை இருந்ததா என்று தெரியவில்லை. வாத்தியார் 'டொய்ங்' என்றது.

அவனை இரண்டு மணி நேரத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லாத உடம்புக்கு அழுத்தம் ஒரு பொருட்டில்லை. எங்களுக்கு ஆறு நாள். அடக்கத்தைத் திரையில் காட்டினார்கள். அழுதேன். ஹீலியத்தில் அழுகை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுயம்பு இந்தத் தடவை சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் ரெஜீனாவோடு தொலைபேசியில் பேசச் சொன்னார்கள். "ரெஜீனா" என்றேன். வாத்து ஒன்று அவள் பெயரைச் சொன்னது. அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து விசாரணை. வெளியிலிருந்து வந்த அதிகாரி சேஷகிரி. நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்பார். அவருடைய வரைவு அறிக்கையை முன்கூட்டியே எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். 'இறந்தவர் தாம் நேரில் கண்ட பழுதைச் செவிவழிச் செய்தியாகத் தெரிவித்து, எச்சரிக்கை மேலே செல்லாமல் போகக் காரணமானார்.' அதோடு, கையேட்டின் அடுத்த பதிப்பில் இதை ஒரு பாடமாகச் சேர்க்கப் பரிந்துரை. தலைப்பு: 'மெல்கியோர் பிழை'. இனி அந்த மொழியைப் படிக்கிற ஒவ்வொருவனும் என் தம்பி பெயரை ஒரு தவறின் பெயராகப் படிப்பான். நாளைக்கு அவன் மகளும் படிக்கலாம். அந்தத் தலைப்பை எடுக்க வைத்தே ஆக வேண்டும் என்றுதான் நான் அங்கே போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் சேஷகிரி, ஓரத்தில் வல்லி மேடம். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். ரெஜீனா வெளியே நடைபாதையில்.

சொன்னேன். அது பிழை இல்லை, எங்களுக்குள் இருந்த மரியாதைப் பழக்கம். அவன் தன் கண்ணால் பார்த்ததைத்தான் காது என்று சொன்னான். அது எனக்கும் தெரியும். பையன்களாகவே கொண்டுவந்த பழக்கம்.

"இப்படி ஒரு பழக்கம் உங்க கையேட்டில இல்லையே?"

"எங்க வீட்டுக் கையேட்டில இருக்கு சார்" என்றேன்.

"சரி. மத்தவங்க உறுதிப்படுத்தினா ஏத்துக்கலாம். சுயம்பு, இப்படி ஒரு பழக்கம் இருந்ததா?"

சுயம்பு என்னைப் பார்த்தான். "இருந்ததாச் சொல்லுதாவ சார்."

"யார் சொல்றாங்க?"

"அண்ணாச்சி சொல்லுதாவ."

"நீங்க பார்த்தீங்களா?"

"அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்சூர்?"

"நானும் கேள்விப்பட்டேன் சார்."

"அந்த அறைக்குள்ள நீங்க எத்தனை நாள் இருந்தீங்க?"

"இருபத்தஞ்சு நாள் சார்."

"உள்ளேயே இருந்துட்டு, கேள்விப்பட்டீங்களா?"

"ஆமா சார்."

"லே, வாயில என்ன கொழுக்கட்டையா? பாத்ததைச் சொல்லுங்கலே!" என்று மேசையைத் தட்டினேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் இன்னும் நெளிந்தார்கள். "அண்ணாச்சி கோவப்படாதீங்க. நீங்க என்ன சொல்லுதியளோ அதான்" என்றான் சுயம்பு. சேஷகிரி எழுதிக்கொண்டார். நான் தலைகீழாகப் படித்தேன்: 'நேரடிச் சாட்சியம் இல்லை.'

என் தம்பி பேரைக் காப்பாற்ற வந்த இடத்தில் அவனைக் கொன்ற அதே காது முத்திரையிலேயே இவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில். சாதாரணக் காற்றில்.

வல்லி மேடத்துக்குத்தான் முதலில் புரிந்தது. பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான்கு மாதத்தில் பத்து வயது கூடிய மாதிரி இருந்தார்.

"கஸ்பார், நீங்க கொஞ்சம் வெளிய போறீங்களா?"

"நான் எதுக்கு மேடம் வெளிய போகணும்?"

"நீங்க இங்க இருக்கிற வரைக்கும் இவங்களுக்குக் கண் வராது."

நான் போனால் இவர்கள் பேசிவிடுவார்கள். எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். சுயம்பு தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கிய நேரம்தான் நான் பலகையைத் தம்பி முன்னால் போட்டேன். மன்சூர் மேல் படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் அதைப் படித்தார்கள். உட்கார்ந்தே இருந்தால் தலைப்பு 'மெல்கியோர் பிழை' என்று நிற்கும். எழுந்தால் வேறு பெயரில் வரும். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சேஷகிரி இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

எழுந்து போனேன். கதவைச் சாத்துவதற்குள் சுயம்புவின் குரல் கேட்டது, அவ்வளவு தெளிவாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. "நான் பாத்தேன் சார். அண்ணாச்சி பலகையில எழுதினாவ."

இப்போது மூன்றாம் பதிப்பில் எழுபத்தோராம் பக்கத்தில் அது இருக்கிறது. என் தம்பி பெயர் இல்லை. 'மூன்றாம் எண்ணின் பிழை' என்று தலைப்பு. கீழே பலகை வாசகம்: 'நான் கண் என்று சொன்னதற்கு நீ கண் என்று சொல்லாதே. காது என்று சொல். நான் உனக்கு அண்ணன்.' இதில் 'சொன்னதற்கு' என்பதைச் 'சொன்னதற்க்கு' என்று அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு தடவை கடிதம் போட்டேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நடைபாதையில் ரெஜீனா ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா" என்றேன். உட்காரவில்லை.

"உள்ள பேசுதாவளா?"

"பேசுதாங்க. நான் இல்லன்னா நல்லாப் பேசுவாங்களாம்." சிரிக்கப் பார்த்தேன். "ரெஜீனா, ஒரு விஷயம். அந்தப் பழக்கம்… பையன்களாக் கொண்டுவரல."

"தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அறையிலிருந்து வீட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், பேச்சுதான் வாத்து. எட்டாம் நாள் சாயங்காலம் மெல்கி அனுப்பியது: 'அண்ணன் பலகையில எழுதிட்டாரு. இனிமே எனக்குக் கண்ணு கிடையாது, காது மட்டும்தான். வீட்டுக்கு வந்தா உப்பு குறைவுன்னு கூட கேள்விதான் 🙂.'

மூன்று தடவை படித்தேன். இந்த ஒரு செய்தியைக் காட்டியிருந்தால் போதும். விசாரணை முதல் நாளே முடிந்திருக்கும்.

"இது உன் கையில இருந்துச்சா? நாலு மாசமா?"

"ஆமா."

"ஏன் காட்டல?" கத்திவிட்டேன். நடைபாதையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "உன் புருஷன் பேருல தப்புன்னு எழுதப் போறாங்க, நீ இதை வச்சுக்கிட்டு…"

"உங்களை மீறி நான் எப்படிக் காட்டுவேன்?" என்றாள். குரல் உயரவில்லை. "நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன் அத்தான். இன்னைக்குச் சொல்லுவாவ, நாளைக்குச் சொல்லுவாவன்னு."

எனக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. அவளை, உள்ளே இருப்பவர்களை, வல்லி மேடத்தை, ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளாத அந்த மொழியை. சொன்னால் என்ன, எல்லோரும் ஒரு வார்த்தை நேராகச் சொன்னால் என்ன? யாரிடம் சொல்வார்கள்? என்னிடம்தானே சொல்ல வேண்டும்.

"சொல்லு" என்றேன். "இப்பச் சொல்லு."

அவள் நிமிர்ந்து, கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தாள்.

"அவுக உங்களுக்குப் பயந்தவுக. பலகைக்கு முன்னாடியே. சாப்பாட்டு மேசையில, ரோட்டுல, எப்பவும். சிரிச்சு மறைச்சுக்கிடுவாவ. நான் கண்ணால பாத்தேன், அத்தான்."

விதி என்ன? கேட்டவன் முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொடுக்குப் போதாது.

"மெல்கி எனக்குப் பயந்தவன்" என்றேன். "நான் பலகையில எழுதினேன். விரிசல்னு அவன் சொன்னான். நான் பாக்கல." மூச்சை இழுத்துக்கொண்டு, விதிப்படி முடித்தேன். "காது."

ரெஜீனா தலையை ஆட்டினாள். மீன் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து மெல்கி அவளிடம் சொல்வானே, அந்த மாதிரி.

"காது இல்ல அத்தான்" என்றாள். "நீங்க எழுதினது. கை."

"கை" என்றேன்.